லிட்டில்டனின் முதல் எட்டு ஆண்டுகள்: எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது?

பிரிட்டிஷ் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஹம்ஃப்ரி லிட்டில்டனின் ஆரம்பகாலப் பதிவுகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், நான்காவது ஐந்தாவது பாட்டிலேயே மனம் சலித்துவிடும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. டிரம்பெட் கம்பீரமாக எழுகிறது. அதற்கு அடியில் தாளம் உலக்கை போல இடிக்கிறது. ஒரு பாட்டில் கிளாரினெட் மனத்தை அள்ளிக்கொண்டு போகிறது. அடுத்த பாட்டில் முன்வரிசையில் இருக்கும் மூவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள். பிரிட்டிஷ் ஜாஸின் தூண் என்று சொல்கிறார்களே, அது இவர்தானா என்ற கேள்வியோடு அந்தத் தொகுப்பை எடுத்து வைத்துவிட்டேன். மறுபடி எடுக்கப் பல மாதங்கள் ஆயின. இரண்டாம் முறை வேறோர் இடத்திலிருந்து தொடங்கினேன். அப்போது கேட்டது வேறு இசையாக இருந்தது.

1948 முதல் 1956 வரையிலான லிட்டில்டனைக் கேட்க ஒருவர் முடிவு செய்தால் அவர் முன்னால் ஐந்து வாசல்கள் இருக்கின்றன. சிறு நிறுவனங்களுக்காகச் செய்த முதல் பதிவுகள். 1949இல் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சிட்னி பெஷேயுடன் ஒரே நாளில் பதிவு செய்த ஆறு பாடல்கள். அதே ஆண்டின் இறுதியில் பார்லோஃபோன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய நீண்ட வரிசை. 1952இல் கரீபியக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய பாசியோ இசைக்குழு. 1954இல் லண்டனின் கான்வே ஹால் அரங்கில் பதிவான கச்சேரி. பணமும் நேரமும் அளவாக இருப்பவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லாம் நல்லதுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. எல்லாம் நல்லதல்ல. எவை நல்லவை, எதனால் நல்லவை என்பதில் எனக்குத் திடமான கருத்து இருக்கிறது.

முதலில் மனிதரைப் பற்றிக் கொஞ்சம். லிட்டில்டன் 1921இல் ஈட்டன் கல்லூரியில் பிறந்தவர். தந்தை அங்கே ஆசிரியர். பிரபுக் குடும்பம், பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி, கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரி வேலை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்கள் தெருவில் வளர்த்தெடுத்த இசைக்கு இதைவிடத் தொலைவான பின்னணி கிடைக்காது. டிரம்பெட்டைத் தானாகவே கற்றுக்கொண்டார். 1945 மே 8ஆம் தேதி ஐரோப்பாவில் போர் முடிந்த அன்று, லண்டன் தெருவில் ஒரு தள்ளுவண்டியில் உட்கார்ந்து டிரம்பெட் வாசித்தபடி போனார். பிபிசியின் அன்றைய ஒலிபரப்பில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே அந்த டிரம்பெட்டும் பதிவாகியிருக்கிறது. அதன்பின் கேம்பர்வெல் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் கிளாரினெட் கலைஞர் வாலி ஃபாக்ஸின் நட்பு கிடைத்தது. இருவரும் டெய்லி மெயில் நாளிதழில் சேர்ந்தார்கள். ‘ஃப்ளூக்’ என்ற சித்திரக்கதைத் தொடரை ஃபாக்ஸ் வரைந்தார். சில ஆண்டுகள் அதற்குக் கதை எழுதியவர் லிட்டில்டன். ஃபாக்ஸ் வைத்துக்கொண்ட ‘டிராக்’ என்ற புனைபெயர், போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து நிலத்தடி மறைவிடங்களில் குகைவாசிகளைப் போல வாழ்ந்த நாட்களிலிருந்து வந்தது. பகலில் பத்திரிகைப் படம், இரவில் கிளாரினெட் என்று இரண்டு கைத்தொழிலும் கைவந்த மனிதர் அவர். இந்தக் கட்டுரையில் அவர் பெயர் அடிக்கடி வரும். லிட்டில்டனின் ஆரம்பகாலப் பதிவுகளில் எந்த ஆண்டிலும் ஏமாற்றாத ஒருவர் உண்டென்றால் அவர் ஃபாக்ஸ்தான்.

இனி அந்த ஏற்றத்தாழ்வின் வேரைப் பார்க்க வேண்டும். வேர் தெரியாமல் ஐந்து வாசல்களை ஒப்பிட முடியாது.

1935 முதல் பிரிட்டனில் அமெரிக்க இசைக்குழுக்கள் கச்சேரி செய்ய முடியாத நிலை இருந்தது. உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பு கெடும் என்று இசைக்கலைஞர் சங்கம் எதிர்த்தது. தொழிலாளர் அமைச்சகம் அனுமதி தர மறுத்தது. 1956 வரை இது தளரவில்லை. ஆகவே அந்தத் தலைமுறை ஆங்கிலேய இளைஞர்கள் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸின் முன்னோடிகளான லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் கிங் ஆலிவரையும் நேரில் கேட்டுக் கற்கவில்லை. இசைத்தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றார்கள். துரோணரின் மண்ணுருவத்தை நட்டுவைத்து வில் பயின்ற ஏகலைவனின் நிலை. ஆனால் இசைத்தட்டு என்ற அந்த உருவத்தில் ஒரு முக்கியமான உறுப்பு சரியாக வடிக்கப்படவில்லை. 1923இல் ஆலிவர் குழுவைப் பதிவு செய்தபோது மின் ஒலிவாங்கி வழக்கத்துக்கு வரவில்லை. பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று வாசித்தார்கள். முழு டிரம்ஸ் அடித்தால் பதிவு ஊசி துள்ளிவிடும் என்பதால் டிரம்ஸ் கலைஞரை அடக்கி வைத்தார்கள். பேபி டாட்ஸ் போன்ற மேதையின் வாசிப்பே மரக்கட்டைத் தட்டலாகக் குறுகிப்போனது. பான்ஜோ என்ற தந்திக்கருவி மட்டும் கணீரென்று விழுந்தது. இங்கிலாந்தில் அந்தத் தட்டுகளைக் கேட்டுப் பழகியவர்கள், நியூ ஆர்லியன்ஸ் தாளம் என்றால் கணகணவென்ற பான்ஜோவும் கட்டை அடியும்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். இயந்திரத்தின் குறை இசையின் இலக்கணமாகிவிட்டது.

லிட்டில்டனின் ஆரம்பப் பதிவுகளில் கேட்கும் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். ஊதுபவர்களின் வாசிப்பை இசைத்தட்டிலிருந்து நுணுக்கமாகக் கற்க முடிந்தது. தாளம் வாசிப்பவர்களால் முடியவில்லை. அதனால் மேலே பட்டுத்துணி, கீழே சாக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் பதிவு தேறும், எது தேறாது என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தாளம் மாறிய இடமெல்லாம் தேறும்.

முதல் வாசல், 1948–49. ஜார்ஜ் வெப் என்ற பியானோ கலைஞர் கென்ட் பகுதியின் பார்ன்ஹர்ஸ்டில் ‘ரெட் பார்ன்’ என்ற மதுக்கூடத்தில் தன் டிக்ஸிலேண்டர்ஸ் குழுவை நடத்திவந்தார். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பழைய ஜாஸுக்கு உயிர் கொடுத்தவர். பிரிட்டனில் இந்த மறுமலர்ச்சிக்கு அந்த மதுக்கூடம்தான் தொட்டில். லிட்டில்டன் 1947இல் அதில் சேர்ந்தார். 1948 ஜனவரியில் தன் சொந்தக் குழுவைத் தொடங்கியபோது ஃபாக்ஸும் பின்னர் வெப்பும் அவரோடு வந்தார்கள். இந்தக் காலத்துப் பதிவுகள் ஆர்வத்தின் ஆவணங்கள். அதற்குமேல் அவற்றைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பியானோவும் பான்ஜோவும் டிரம்ஸும் ஒரே அடியை ஒன்றாக அடிக்கின்றன. காலப்பிரமாணம் ஒரு நிலையில் நிற்காமல் ஓடுகிறது. லிட்டில்டனின் நாதம் அப்போதே பெரிதாக, நேராக, அஞ்சாமல் இருக்கிறது. ஆனால் சொல்லும் வாக்கியங்கள் ஆம்ஸ்ட்ராங்கின் வாக்கியங்கள். வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் பிறகு தேடிப் போகட்டும். தொடக்கமாக இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் வாசலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் கதையும் அப்படி, அதன் இசையும் அப்படி.

1949 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, ஜாஸின் முதல் தலைமுறையோடு வளர்ந்து, சொப்ரானோ சாக்ஸஃபோனைத் தன் குரலாகவே ஆக்கிக்கொண்ட சிட்னி பெஷே லண்டனில் இருக்கிறார். அவருக்கு வேலை அனுமதி கிடையாது. விடுமுறையில் வந்த விருந்தாளியாக வின்டர் கார்டன் தியேட்டரில் பார்வையாளர்களோடு அமர்ந்திருக்கிறார். மேடையில் லிட்டில்டனின் குழு. பெஷே அரங்கில் இருக்கிறார் என்று அறிவிக்கிறார்கள். அவர் எழுந்து மேடைக்கு வந்து வாசிக்கிறார். ஏற்பாடு செய்தவர்கள் பின்னர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. அதே நாளில், கச்சேரிக்கு முன்னதாகவே, மெலோடிஸ்க் என்ற சிறு நிறுவனத்துக்காகப் பெஷேயும் லிட்டில்டன் குழுவும் ஆறு பாடல்களைப் பதிவு செய்து முடித்திருந்தார்கள். ‘சம் ஆஃப் தீஸ் டேஸ்’, ‘பிளாக் அண்ட் புளூ’, ‘ஹூஸ் சாரி நவ்’, ‘ஸ்லீப்பி டைம் டவுன் சவுத்’, ‘ஐ டோல்ட் யூ ஒன்ஸ்’, ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’.

அந்த ஆறையும் ஒரே மூச்சில் கேட்டால், ஒரு குழு சில மணி நேரத்தில் வளர்வதைக் காதால் பார்க்கலாம். ஆட்கள் அதே ஆட்கள்தான்: லிட்டில்டன், டிராம்போனில் கீத் கிறிஸ்டி, கிளாரினெட்டுகளில் ஃபாக்ஸும் கீத்தின் அண்ணன் இயன் கிறிஸ்டியும், பியானோவில் வெப். அதே பான்ஜோ, அதே டிரம்ஸ். ஆனால் பெஷே அவர்களைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். சொப்ரானோவின் அந்த அகன்ற, நடுங்கும் நாதம் தாளத்துக்கு முன்னால் போய் நின்று இழுக்கிறது. ஓட நினைக்கும் பான்ஜோவுக்கு ஓட இடமில்லை. லிட்டில்டன் இங்கே தன்னைச் சுருக்கிக்கொண்டு அடக்கமாக மெட்டை மட்டும் பிடித்து நிற்கிறார். ‘பிளாக் அண்ட் புளூ’ மெதுவாக நகரும்போது அந்த அடக்கம் மிகவும் அழகாகக் கேட்கிறது. ஏகலைவனுக்குத் துரோணர் நேரில் கிடைத்த நாள் அது. இந்தத் துரோணர் கட்டைவிரலைக் கேட்கவில்லை.

அப்படியானால் தொடக்கத்துக்கு இதுதானே சரி என்று தோன்றும். இசையின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 1949இல் இதற்கு ஈடு கிடையாது. எனக்குள்ள தயக்கம் வேறு. இது பெஷேயின் பதிவு. லிட்டில்டனைத் தெரிந்துகொள்ள வந்தவர் பெஷேயின் காதலராகி வெளியேறுவார். விருந்தாளியின் ஒளியில் வீட்டுக்காரர் முகம் தெரியாமல் போய்விடும். ஜாஸ் கேட்டே பழக்கமில்லாதவர் என்றால் இங்கே தொடங்கலாம். அவருக்கு எப்படியும் பெஷேயைத் தெரிந்தாக வேண்டும். லிட்டில்டனைத் தேடி வருபவருக்கு இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய பதிவு.

மூன்றாவது வாசல், பார்லோஃபோன் வரிசை, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. 1949இன் இறுதியில் தொடங்கி, 78 வேகத்தில் சுழலும் தட்டுகளாக ஆண்டுக்கு ஆண்டு வெளிவந்தவை. பிற்காலத்தில் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் மார்ட்டின் 1950இல் பார்லோஃபோனில் வேலைக்குச் சேர்ந்து, இளம் தயாரிப்பாளராகக் கவனித்த கலைஞர்களில் லிட்டில்டனும் ஒருவர். 1980களில் லிட்டில்டன் ‘காலிகிராஃப்’ என்ற சொந்த நிறுவனம் தொடங்கியபின் இவை ஆண்டு வரிசைப்படி தொகுக்கப்பட்டன. முழுமை விரும்புகிறவர்களுக்கு இது ஒரு களஞ்சியம். முதன்முறை கேட்பவருக்கு இது பெருங்காடு.

தனித்தனியாக எடுத்தால் இதில் முத்துகள் இருக்கின்றன. கீத் கிறிஸ்டி 1931இல் பிறந்தவர். இந்த வரிசையின் தொடக்கத்தில் அவருக்குப் பத்தொன்பதுகூட நிரம்பவில்லை. ஆனாலும் டிராம்போனை வழுக்கி வழுக்கி மற்ற இருவருக்கும் அடியில் அவர் விரிக்கும் பாயைப் போல அந்நாளைய இங்கிலாந்தில் வேறு யாரும் விரிக்கவில்லை. ‘டிராக்ஸ் புளூஸ்’ என்ற பாட்டில் ஃபாக்ஸின் கிளாரினெட் அடிக்கட்டையில் தொடங்கி மேலே ஏறும் விதத்தைக் கேட்டுவிட்டு, அவர் பகலில் படம் வரைந்தவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் ஒரே தீற்றலில் விழுகிறது. ஆனால் அந்த முத்துக்குப் பக்கத்திலேயே, கிங் ஆலிவர் காலத்து ராக்டைம் என்ற பழைய பாணி மெட்டின் அச்சு நகலாக ஒரு பாட்டு இருக்கும். மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற தட்டின் கட்டுப்பாடு வேறு. நல்ல தனிவாசிப்பு சூடேறும்போது பாட்டு முடிந்துவிடுகிறது.

இந்த வரிசையில் ஒரு திருப்பம் 1951. கிறிஸ்டி சகோதரர்கள் பிரிந்துபோய்ச் சொந்தக் குழு தொடங்கினார்கள். லிட்டில்டன் அவர்களுக்குப் பதிலாக வேறு டிராம்போன் கலைஞரைத் தேடி நியமிக்கவில்லை. டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் என்ற மும்மூர்த்தி அமைப்புதான் நியூ ஆர்லியன்ஸ் மரபு என்று ரசிகர்கள் உறுதியாக நம்பிய காலத்தில், ஒரு மூர்த்தி இல்லாமலே சில ஆண்டுகள் ஓட்டினார். அந்த வெற்றிடம் குழுவுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஜானி பார்க்கர் பியானோவுக்கு வந்தபின் தாளத்தில் ஒரு உருளல் தோன்றுகிறது, இடி குறைகிறது. 1949–50 தட்டுகளையும் 1952–53 தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது ஒரு நிமிடத்தில் புரியும். ஆக, பார்லோஃபோன் வரிசையில் பணம் செலவழிப்பதானால் பின்பாதியில் செலவழிக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. முன்பாதி காத்திருக்கட்டும்.

நான்காவது வாசல் சிறியது. அதை யாரும் அதிகம் தட்டுவதில்லை என்பது எனக்குக் குறை. கயானாவிலிருந்து வந்த கிளாரினெட் கலைஞர் ஃபிரெடி கிராண்டும் லிட்டில்டனும் 1952இல் சேர்ந்து அமைத்தது பாசியோ இசைக்குழு. பியானோவில் கயானாவின் மைக் மெக்கென்சி, கிதாரில் டிரினிடாட்டின் ஃபிட்ஸ்ராய் கோல்மன், கூடவே கரீபியத் தாளக்கருவிகள். போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்து குடியேறிய மக்களின் இசை, ஈட்டன் பள்ளிக்காரரின் இசையோடு ஒரே ஒலிவாங்கி முன்னால் நின்றது. ‘மைக்ஸ் டங்கானா’ என்ற பாட்டைக் கேளுங்கள். பழைய நியூ ஆர்லியன்ஸ் பாட்டுகளை அதே குழு வாசிப்பதையும் கேளுங்கள். நான் முன்னே சொன்ன தாளக் கோளாறு இங்கே அடியோடு போய்விட்டது. ஒரே அடியை எல்லாரும் சேர்ந்து இடிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு கருவியும் வேறோர் இடத்தில் விழுந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்கிறது. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸின் பிறப்பிலேயே கரீபியத் தாளம் கலந்திருந்தது. ஜெல்லி ரோல் மார்ட்டன் தன் இசையில் இருந்த ‘ஸ்பானியச் சாயல்’ என்று சொன்னது அதைத்தான். எனவே மரபிலிருந்து விலகிய கலப்பு என்று அக்கால ரசிகர்கள் ஒதுக்கிய இந்தப் பதிவுகள், உண்மையில் ஆலிவரின் நகல்களைவிட மரபுக்கு நெருக்கமானவை.

குறை சொன்னால் ஒன்றுதான்: பாட்டுகள் மிகக் கொஞ்சம். ஒரு மாலைக்குக்கூடப் போதாது. ஒருவரை ஒரு கலைஞரின் பக்கம் இழுத்துக்கொள்ள இது போதுமா என்ற சந்தேகத்தால்தான் இதை முதல் வாசலாகச் சொல்லத் தயங்குகிறேன். தாளத்துக்காகவே இசை கேட்பவர் என்றால் தயக்கம் வேண்டாம். நேராக இங்கே போகலாம்.

ஐந்தாவது, கான்வே ஹால். லண்டனின் ரெட் லயன் சதுக்கத்தில் 1929இல் திறக்கப்பட்ட அரங்கம். சொற்பொழிவுகளுக்கும் அறையிசைக் கச்சேரிகளுக்கும் பேர்போனது. 1954இல் அங்கே லிட்டில்டன் குழு வாசித்ததைப் பார்லோஃபோன் பதிவு செய்து நீண்ட இசைத்தட்டாக வெளியிட்டது. இதற்குள் குழுவில் புரூஸ் டர்னர் வந்துவிட்டார். ஆல்ட்டோ சாக்ஸஃபோன் வாசிப்பவர். கப்பலில் வேலை பார்த்தபடி நியூயார்க் போய், நவீன ஜாஸ்காரரான லீ கோனிட்ஸிடம் பாடம் கேட்டவர். 1953இல் அவர் சேர்ந்ததும் பழமைவாத ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. பர்மிங்ஹாம் டவுன் ஹால் கச்சேரியில் ‘அழுக்குப் பாப்பரே, வீட்டுக்குப் போ’ என்று பதாகை பிடித்தார்கள். பீபாப் என்ற நவீன பாணியின் ஆள் என்பதற்கான வசை அது. சாக்ஸஃபோன் நியூ ஆர்லியன்ஸுக்குச் சொந்தமில்லை என்பது அவர்களின் வாதம். பெஷே வாசித்தது சாக்ஸஃபோன்தான் என்பதை அவர்கள் எப்படி மறந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கான்வே ஹால் பதிவைக் கேட்கும்போது அந்தப் பதாகைக்காரர்கள்மேல் வருத்தம்தான் வருகிறது. எதை இழக்கச் சொல்லிக் கேட்டார்கள்! டிரம்பெட் ஒரு பக்கம், ஃபாக்ஸின் கனமான கிளாரினெட் ஒரு பக்கம், நடுவில் டர்னரின் மெலிந்து வழுக்கும் ஆல்ட்டோ. மூவரும் சேர்ந்து மனோதர்மமாக வாசிக்கும் இடங்களில், திண்ணையில் உட்கார்ந்து மூன்று நண்பர்கள் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒவ்வொருவர் பேச்சும் மற்றவருக்குக் கேட்பதைப் போன்ற தெளிவு. 1948இல் ஒருவர் காலை ஒருவர் மிதித்த முன்வரிசை, ஆறு ஆண்டுகளில் ஆட்களும் கருவியும் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ‘டெக்சஸ் மோனர்’ பெஷேயோடு நெருங்கிய தொடர்புள்ள பழைய பாட்டு; 1924இல் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் குழுவில் அவர் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதை இவர்கள் எடுத்துக்கொள்ளும் விதத்தில் நகல் என்ற எண்ணமே எழவில்லை. ‘வாலி பிளேஸ் தி புளூஸ்’ என்ற பாட்டில் ஃபாக்ஸுக்கு விரிந்து வாசிக்க இடம் கிடைக்கிறது. தட்டில் மூன்று நிமிடத்துக்குள் மடக்கி வைத்திருந்த சிறகு அது.

இங்கே தாளக்குழு மேதைகளின் கூட்டமாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பழைய இடி தலைகாட்டுகிறது. ஆனால் கூட்டத்தின் கைத்தட்டலும் அரங்கத்தின் காற்றும் ஒலியில் கலந்திருப்பதால் அது உறுத்தவில்லை. ஒலிப்பதிவு அறையின் வறண்ட மௌனத்தில் ஒவ்வொரு குறையும் நிர்வாணமாக நிற்கிறது. கச்சேரியில் அதே குறை ஓட்டத்தில் கரைந்துவிடுகிறது. லிட்டில்டன் அடிப்படையில் கச்சேரிக் கலைஞர். அவருடைய குழு வாரந்தோறும் வாசித்த ஆக்ஸ்ஃபர்ட் தெரு 100ஆம் எண் நிலவறை 1950களில் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஆட வந்த இளைஞர்களின் முகத்தைப் பார்த்து வாசித்துப் பழகியவரை அறைக்குள் அடைத்து மதிப்பிட்டதுதான் நாம் செய்த பெரிய அநியாயம்.

ஆகவே என் முடிவு கான்வே ஹால். அங்கே தொடங்குங்கள்.

பிறகு போக வேண்டிய பாதை ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் பதிவுகளில் ஊறியவர் அடுத்து பெஷேயுடனான ஆறு பாடல்களுக்குப் போகலாம். லிட்டில்டன் எங்கிருந்து கிளம்பினார், யாரிடம் வழி கேட்டார் என்பது விளங்கும். நவீன ஜாஸ் கேட்பவர் டர்னரின் வாலைப் பிடித்துக்கொண்டு 1953–55 பார்லோஃபோன் தட்டுகளுக்குப் போகலாம். எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி வைத்தே தீர வேண்டும் என்பவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அடுக்கி வையுங்கள், ஆனால் அடுக்கிய வரிசையில் கேட்காதீர்கள்.

‘பேட் பென்னி புளூஸ்’ எங்கே என்று இந்நேரம் சிலர் கேட்டிருப்பார்கள். லிட்டில்டன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் ஒரே பாட்டு அது. 1956 ஏப்ரல் 20ஆம் தேதி, டெனிஸ் பிரெஸ்டன் தயாரிப்பில், ஜோ மீக் என்ற இளம் ஒலிப்பதிவுப் பொறியாளரின் கையில் உருவானது. ஃபாக்ஸ் இல்லை, டர்னர் இல்லை. அடைப்பு மாட்டிய டிரம்பெட், பார்க்கரின் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும். மீக் பியானோவின் இடக்கை ஒலியைத் தூக்கிப் பிடித்து, நெருக்கி அழுத்தமாக்கினார். டிரம்ஸில் உரசும் பிரஷ்ஷின் ஒலியை முன்னுக்குக் கொண்டுவந்தார். வாசித்து முடித்ததும் லிட்டில்டன் விடுமுறைக்குப் போய்விட்டார். வெளியாவதற்கு முன் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்த ஆண்டு ஜூலையில் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடத்தைப் பிடித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பார்லோஃபோன் முத்திரையோடு வெளிவந்த பீட்டில்ஸின் ‘லேடி மடோனா’வில் அந்தப் பியானோ உருளல் மறுபிறவி எடுத்தது.

அருமையான பாட்டு, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அதன் முக்கியத்துவம் என் வாதத்தோடு சேர்ந்தே இருக்கிறது: 1948இல் சாக்காக இருந்த தாளம், எட்டு ஆண்டுகளில் பாட்டின் முகமாகவே ஆகிவிட்டது. எல்லாரும் வாயால் முணுமுணுப்பது பியானோவின் அந்த இடக்கையைத்தான், டிரம்பெட்டை அல்ல. ஆனால் இதை முதலில் கேட்டுவிட்டு, லிட்டில்டனின் மற்ற பதிவுகளும் இப்படித்தான் இருக்கும் என்று தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இதைப் போல இன்னொன்று அந்த எட்டு ஆண்டுகளில் கிடையாது. அதனால் ஐந்து வாசல்களில் இதை நான் சேர்க்கவில்லை.

இந்தப் பாதையில் நடந்து முடித்த பிறகு, நான் மூடி வைத்த அந்த 1949 தொகுப்பை மீண்டும் எடுத்தேன். பான்ஜோ அதே போல இடித்தது. அதற்குள் என் காது கீத் கிறிஸ்டியின் டிராம்போனைத் தனியே பிரித்தெடுக்கப் பழகியிருந்தது. கிளாரினெட்டுகள் இரண்டில் எது ஃபாக்ஸ் என்று முதல் நான்கு ஸ்வரங்களில் சொல்ல முடிந்தது. இப்போது அந்தத் தட்டை மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன், பெரும்பாலும் இரவில், விளக்கை அணைத்த பிறகு.